ரிவர்ஸ் கியரில் ஏறிய பரிசத் தட்டு

எனக்கு இருக்கிற வியாதிகளில் சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் சின்ன வியாதிகள். பெரிய வியாதி, 'எனக்குத் தெரியும்' என்பது. பிறந்ததிலிருந்தே இருக்கிறது. அதற்கு மாத்திரை கிடையாது (மருந்து அலமாரிக்கு நடுவிலேயே காலம் தள்ளுகிறவள் சொல்கிறேன், கிடையாது). யாராவது ஒரு விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தால் போதும், அவர்கள் முடிப்பதற்குள் "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்று நானே முடித்து வைத்துவிடுவேன். இந்த வியாதி முற்றிப் போய், ஒரு நல்ல பையனின் கல்யாணத்தை நடுரோட்டில் நிறுத்திவிடப் பார்த்தேன். ஐந்து வருடம் ஆகிவிட்டது. நினைத்தால் இன்னும் காது சுடுகிறது.

கொல்லிமலையில் ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நான் மருந்தாளுநர். மாத்திரை கொடுக்கிற பெண் யாராக இருந்தாலும் மலையில் 'டாக்டரம்மா'தான். நானும் ஒரு முறைகூடத் திருத்தியதில்லை. சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். எங்கள் ஊரில் மேடு என்றால் வாய்க்கால் வரப்பு. அதைவிட உயரமாக ஏதாவது இருந்தால் அது கோயில் கோபுரம். அப்படிப்பட்ட தட்டையான பூமியில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவள், மலைக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் வருடம் மூன்று கை மாறிய ஒரு பழைய காரை வாங்கினேன்.

அந்தக் காருக்கு இரண்டு கெட்ட பழக்கங்கள். ஒன்று, பெட்ரோல் போடும்போது 'டக்' 'டக்'கென்று பங்க்கின் குழாய்த் துப்பாக்கி தானாக நின்றுவிடும். சின்னக் குழந்தைக்குச் சோறூட்டுகிற மாதிரி கெஞ்சிக் கெஞ்சித்தான் உள்ளே இறக்க வேண்டும். இரண்டு, பெட்ரோல் அளவு காட்டுகிற முள் தன் இஷ்டத்துக்கு இருக்கும். ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "டேங்குக்குள்ள காத்து போய் வர்ற குழாய் அடைச்சிருக்கறாப்பல இருக்குதுங்க. முள்ளையும் நம்பாதீங்க. ஒரு நாள் உட்டுட்டுப் போங்க, கழட்டிப் பாத்தர்லாம்" என்றார்.

"எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இனி கல்யாணத்துக்கு வருகிறேன். எங்கள் நிலையத்தின் லேப் டெக்னீஷியன் செல்வராசு. தேவனூர் நாட்டுப் பையன் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு 'நாடு'), தங்கமான குணம். அவனுக்கும் பெரக்கரை நாட்டைச் சேர்ந்த கவிதா என்ற பெண்ணுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு வந்த இடத்தில் பழக்கம். ஒரே பெண் ஒரே மாதத்தில் மூன்று முறை ஹீமோகுளோபின் பார்க்க வந்தபோதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை. இரும்புச் சத்து மாத்திரையைக் கூடுதலாகக் கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

கவிதாவின் அப்பா குப்புசாமிக்கு இந்தச் சம்பந்தத்தில் விருப்பமே இல்லை. தன் அக்கா மகனுக்குக் கொடுப்பதாக இருந்தார். இரண்டு முறை பெண் கேட்டுப் போனவர்களைத் தண்ணீர் மட்டும் கொடுத்து அனுப்பினார். மகள் பட்டினி கிடந்து பிடிவாதம் பிடித்ததால், மூன்றாம் முறை வேண்டா வெறுப்பாகச் சம்மதித்து ஒரு நிபந்தனை போட்டார்.

"பரிசத் தட்டு பத்தரை மணிக்குள்ள ஊட்டுக்குள்ள வந்தரோணும். நல்ல நேரம் அதோட முடியுது. ஒரு நிமிசம் தப்புனாலும் எங்கக்கா மகன்தான், சொல்லிட்டேன்."

மனிதர் சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறார் என்பது மலைக்கே தெரியும். செல்வராசுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை. பரிசத்தன்று எந்த வண்டியில் போவது என்று பேச்சு வந்தபோது, என் வியாதி எழுந்து நின்றது. "என் கார் எதுக்கு இருக்கு? மாப்பிள்ளையையும் தட்டையும் நான் கொண்டு போய்ச் சேர்க்கிறேன்" என்று மார் தட்டினேன்.

முதல் நாள் தட்டுச் சாமான் வாங்க நாமக்கல் போய்விட்டுத் திரும்பும்போது, அடிவாரத்துக்கு முன்னால் ஒரு பங்க்கில் நிறுத்தி "ஃபுல் பண்ணும்மா" என்றேன். பெட்ரோல் போட்ட பெண் துப்பாக்கியை நுழைத்தாள். டக். மறுபடி அழுத்தினாள். டக்.

"ஏனுங்க்கா, டேங்கு இன்னும் ரொம்பலீங்க. காத்து வெளிய வர வழியில்லாம எதுத்துத் தள்ளுதுங்க. கொஞ்சம் கொஞ்சமா உட்டாப் போவும்ங்க. சித்த நேரம் ஆவும்."

"டக்குன்னு நின்னா ஃபுல்லுன்னு அர்த்தம்மா. எனக்குத் தெரியாதா? முள்ளை வேணும்னா பாரு."

முள் முக்காலைத் தாண்டி நின்றது.

"மூணரை லிட்டருதானுங்க போயிருக்குது!"

"அப்ப ஏற்கெனவே நிறைய இருந்திருக்குன்னு அர்த்தம்."

அந்தப் பெண் என்னை ஒரு பார்வை பார்த்தாள். தர்மாஸ்பத்திரியில் நோயாளிகள் மருந்துச் சீட்டைத் தலைகீழாகப் பிடிக்கும்போது நான் பார்ப்பேனே, அந்தப் பார்வை. நான் கண்டுகொள்ளவில்லை. ஒரு பொய்ச் சாட்சி துப்பாக்கி, இன்னொரு பொய்ச் சாட்சி முள். இரண்டும் ஒரே மாதிரி சொன்னால் நீதிபதி என்ன செய்வார்?

காரவள்ளியில் ஏற்றம் ஆரம்பித்தது. எழுபது கொண்டை ஊசி வளைவு. நான் ஏற ஏற முள்ளும் ஏறியது! பெட்ரோல் செலவாகச் செலவாக அளவு கூடுகிற வண்டி உலகத்திலேயே என்னிடம் மட்டும்தான் இருந்திருக்கும். வேறு யாராவதாக இருந்தால் பயந்திருப்பார்கள். நானோ, மேலே போகப் போகக் குளிர்ச்சியில் பெட்ரோல் பெருகுகிறது என்று ஒரு விஞ்ஞானத்தை அந்த இடத்திலேயே கண்டுபிடித்தேன். (மருந்தியல் படித்தவள். வெட்கமாகத்தான் இருக்கிறது.)

மறுநாள் காலை எட்டரைக்குக் கிளம்பினோம். சொந்தக்காரர்கள் எல்லாம் வேனில் முன்னாலேயே போய்விட்டார்கள். என் காரில் பக்கத்துச் சீட்டில் செல்வராசு. பின்னால் அவன் அம்மா வெள்ளையம்மாவும், தாய்மாமன் சடையனும். டிக்கியில் பதினொரு தட்டு. சடையன் மாமன் பலாப்பழ வியாபாரி. மரத்தில் தொங்குகிற காயை விரலால் தட்டிப் பார்த்தே, இது நாளைக்குப் பழுக்கும், இது நாலு நாள் ஆகும் என்று சொல்லிவிடுவார். ஆனால் வாயில் எப்போதும் வெற்றிலை இருப்பதால் அதிகம் பேசமாட்டார். வெள்ளையம்மா வண்டியில் ஏறும்போதே ஒரு சட்டம் போட்டார்.

"டாக்டரம்மா, நல்ல காரியத்துக்குப் போறமுங்க. ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் வண்டி எங்கயும் நிக்கக் கூடாதுங்க. நின்னா ஆவாது."

"ஃபுல் டேங்க் போட்டிருக்கேன். தஞ்சாவூர் வரைக்கும்கூட நிக்காமப் போகலாம்" என்றேன்.

கவிதாவின் வீடு ஒரு மேட்டின் உச்சியில். அந்த ஏற்றத்துக்குக் கீழே வந்தபோது மணி ஒன்பது ஐம்பது. வீட்டு ஓடு தெரிகிறது, வாசலில் கட்டிய வாழைமரம் தெரிகிறது. செல்வராசு ஒரு வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தான். வண்டி இரண்டு முறை குலுங்கியது. மூன்றாவது குலுங்கலில் நின்றே போனது.

"ஐயோ சாமி!" என்று வெள்ளையம்மா நெஞ்சில் கை வைத்தார்.

சாவியைத் திருப்பினேன். கர்ர் கர்ர் என்றது, பிடிக்கவில்லை. செல்போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. தட்டையெல்லாம் தூக்கிக்கொண்டு நடந்துவிடலாமா என்றான் செல்வராசு. அவன் அம்மா இறங்க மறுத்துவிட்டார்.

"நான் எறங்க மாட்டேன். எறங்குனாத்தான் நின்ன மாதிரி. நான் உக்காந்திருக்கிற வரைக்கும் நாம போய்க்கிட்டே இருக்கறம்னுதான் கணக்கு."

இந்தச் சட்டத்துக்கு எதிராக வாதாட என்னிடமே ஆதாரம் இல்லை. நாங்கள் மூன்று பேரும் மட்டும் இறங்கினோம். பானெட்டைத் திறந்தேன். எதையோ தொட்டுப் பார்த்து "பேட்டரிதான், எனக்குத் தெரியும்" என்றேன். பேட்டரி முனையைச் சுரண்டினோம். பிடிக்கவில்லை. "அப்ப பிளக்" என்றேன். பிளக் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் போயிற்று. செல்வராசு ஆயில் குச்சியை உருவி, சூரியனுக்கு நேராகப் பிடித்து, லேபில் சிறுநீரைப் பார்ப்பதைப் போல உற்றுப் பார்த்தான். "நார்மலாத்தான் இருக்குதுங்க மேடம்" என்றான்.

சடையன் மாமன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு கேட்டார். "பெட்ரோலுங்?"

"மாமா, ஃபுல் டேங்க்! முள்ளைப் பாருங்க, முக்காலுக்கு மேல இருக்கு!"

அவர் முள்ளைப் பார்க்கவில்லை. மேல் துண்டைத் தரையில் விரித்தார். வண்டிக்குப் பின்னால் படுத்துத் தலையை உள்ளே விட்டார். 'டொக் டொக்' என்று சத்தம் வந்தது. கொஞ்சம் தள்ளி மறுபடி 'டொக் டொக்'. வெளியே வந்து உட்கார்ந்து, வெற்றிலையைத் துப்பிவிட்டு, தீர்ப்புச் சொன்னார்.

"உள்ள சொளையே இல்லீங்க. வெறும் கூடு."

"அது எப்படி மாமா? முள்ளு..."

"முள்ளு பலாவுக்கும்தானுங்க இருக்குது. முள்ளப் பாத்து ஆராச்சும் பழம் வாங்குவாங்களா?"

நாற்பத்தோரு வயதில் முதல் தடவையாக, இன்னொருவர் சொன்னதைச் சோதித்துப் பார்க்கக் குனிந்தேன். மூடியைத் திருகினேன். 'புஸ்ஸ்ஸ்' என்று காற்றை உள்ளே இழுத்தது. டேங்க் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்திருக்கிறது, பாவம். (பின்னால் அந்த மெக்கானிக் கழற்றிக் காட்டினார். காற்றுக் குழாய்க்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. உள்ளே அளவு பார்க்கிற மிதவையின் கம்பி வளைந்து மேலேயே சிக்கியிருந்தது. "ரெண்டையும் அன்னைக்கே சொன்னனுங்களே" என்றார். அவரிடம் 'எனக்குத் தெரியும்' என்று சொல்லத் துணிச்சல் வரவில்லை.)

பத்து ஐந்துக்கு ஒரு பைக் வந்தது. மாமன் கையைக் காட்டி நிறுத்தி, அந்தப் புண்ணியவானின் பைக்கிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலில் முக்கால் லிட்டர் பிடித்தார். இன்னொரு பாட்டிலின் கழுத்தைப் பாக்குவெட்டியால் நறுக்கிப் புனல் செய்தோம். "நான் ஊத்துறேன், எனக்குத்..." என்று ஆரம்பித்து, மீதியை விழுங்கிவிட்டு ஊற்றினேன். அவசரத்தில் ஒரே கவிழ்ப்பு. உள்ளே போன பெட்ரோல், வழி இல்லாமல் 'குபுக்'கென்று திரும்பி என் மேலேயே பாய்ந்தது. புதுப் பட்டுப்புடவை, மாம்பழ மஞ்சளில் கத்தரிப்பூ பார்டர். கழுத்திலிருந்து கொசுவம் வரை நனைந்துவிட்டது. மாமன் பாட்டிலைப் பிடுங்கி, மிச்சத்தைச் சங்கில் பாலூட்டுகிற மாதிரி சொட்டுச் சொட்டாக ஊற்றினார். அரை லிட்டர் உள்ளே போயிருக்கும்.

வண்டி உயிர் பெற்றது! வெள்ளையம்மா உள்ளேயிருந்து கும்பிட்டார். ஏற்றத்தில் இருபதடி போனேன். குலுங்கி நின்றது. சமதரைக்கு உருட்டி வந்து மறுபடி எடுத்தேன், பிடித்தது. ஏற்றினேன், நின்றது. மணி பத்தே கால்.

செல்வராசு ரோட்டு ஓரக் கல்லில் உட்கார்ந்துவிட்டான். "உடுங்க மேடம். அவளுக்கு அவங்கத்தை மகன்தான்னு எழுதியிருக்குது" என்றான். அதுவரை என் மானம்தான் பெரிதாக இருந்தது. இப்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு பெண் பட்டினி கிடந்து வாங்கின சம்மதத்தை என் வாய்க்கொழுப்பு தின்றுவிட்டதே என்று இருந்தது.

மாமன் ஏற்றத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார். "அம்மா, பானையில அடியில கொஞ்சூண்டு தண்ணி கெடந்தா எப்புடி மொள்ளுவீங்க?"

"சாய்ச்சு."

"அதானுங்க. மூஞ்சி மேல பாக்க ஏறுனா எண்ணெயெல்லாம் பின்னால ஓடிப் போயிருது. உறிஞ்சற குழாயி முன்னால இருக்குதோ என்னமோ. வண்டியத் திருப்புங்க. பின்னாலயே ஏத்துங்க."

அதாவது ரிவர்ஸில். மாப்பிள்ளையையும் பதினொரு தட்டையும் பெண் வீட்டுக்கு ரிவர்ஸில். வேறு வழி எதுவும் எனக்குத் தெரியவில்லை. முன்னும் பின்னும் எடுத்து, மூச்சுத் திணறி, வண்டியைத் திருப்பினேன்.

மேலே என்ன நடந்தது என்பதை வேனில் போயிருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள். குப்புசாமி கையில் கடிகாரத்தோடு வாசலில் நின்றிருக்கிறார். ஊரே பக்கத்தில் நிற்கிறது. கீழே மாப்பிள்ளை கார் வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறார்கள். இறங்கி ஏதோ பேசிக்கொள்கிறார்கள்; அவ்வளவு தூரத்துக்கு வேறெதுவும் தெரியவில்லை. ஏறுகிறது, இறங்குகிறது. மறுபடி ஏறுகிறது, இறங்குகிறது. கடைசியில் வண்டி அப்படியே திரும்பி, வந்த வழியைப் பார்த்து நிற்கிறது.

"அடேய், திரும்பிப் போறாங்கடா!" என்று யாரோ கத்தியிருக்கிறார்கள்.

தான் வேண்டாம் என்று சொல்வது வேறு. ஊர் பார்க்க, வாசல் வரை வந்த சம்பந்தி தன்னை வேண்டாம் என்று திரும்பிப் போவது வேறு. குப்புசாமி கடிகாரத்தைப் பக்கத்தில் நின்றவன் கையில் திணித்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட ஆரம்பித்துவிட்டார். செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம்.

நான் கழுத்தைத் திருகிப் பின் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு வண்டியைப் பின்னால் ஏற்றுகிறேன். முள்ளாவது கிள்ளாவது, அதன் பக்கமே திரும்பவில்லை. வண்டி நிற்கவில்லை! பாதி ஏற்றத்தில், கண்ணாடி நிறைய ஓர் ஆள் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடி வருகிறார்.

"போவாதீங்க! சம்பந்தி, போவாதீங்க!"

பிரேக் போட்டேன். தன்னை விட்டுப் போகிறதென்று நினைத்த வண்டி தன்னை நோக்கியே வருவதைப் பார்த்து அவர் திகைத்து நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தார். "என்ன கொறை கண்டீங்கன்னு வண்டியத் திருப்புனீங்க?"

நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வெள்ளையம்மா என் தோளை ஓர் அழுத்து அழுத்தினார். அந்த அம்மாவை அதுவரை சாதுவென்று நினைத்திருந்தேன்.

"நீங்க மணியப் பாத்துக்கிட்டு நிக்கற வாசலுக்கு நாங்க எதுக்குங்க வரோணும்? எங்களுக்கும் மானம் இருக்குதுங்க. திரும்பியாச்சு. அப்பறம் புள்ளைங்க மூஞ்சிய நெனச்சுத்தான், சரி கெடக்குதுன்னு பின்னாலயே வாரோம்."

"மணி கெடக்குது உடுங்க!" என்றார் குப்புசாமி. "வாங்க, ஊட்டுக்கு வாங்க."

அப்புறம் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பெண்ணைப் பெற்றவரே லாரி கிளீனர் மாதிரி பின்னால் நடந்துகொண்டு, "வரட்டும் வரட்டும்... ரைட்ல ஒடிங்க... வரட்டும்" என்று கையசைத்து மாப்பிள்ளை வண்டியை வாசலில் கொண்டு நிறுத்தினார். தட்டு உள்ளே போனபோது மணி பத்து முப்பத்தைந்து. யாரும் மணி பார்க்கவில்லை. கதவு ஓரத்தில் நின்ற கவிதா, சிரிப்பும் அழுகையுமாக முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள்.

நான் இறங்கியதும் பத்தடி வட்டத்தில் எல்லோரும் மூக்கைப் பிடித்தார்கள். குப்புசாமி, "என்ன வாசமுங்க இது?" என்றார். வெள்ளையம்மா அசரவே இல்லை. "டாக்டரம்மா போட்டிருக்கிற செண்ட்டுங்க. தஞ்சாவூர்ல இதுதான் இப்பப் பெரிசு." கற்பூரம் ஏற்றுகிற நேரத்தில், சடையன் மாமன் என்னை மெதுவாக அழைத்துப் போய், வீட்டுக்கு நூறடி தள்ளி ஒரு பலா மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். என் கணக்கில் என் தலைமையில் நடக்க வேண்டிய நிச்சயதார்த்தத்தை நான் பலாக்காய்களோடு சேர்ந்து தூரத்திலிருந்து பார்த்தேன்.

அன்று முதல் அந்தக் குடும்பத்தில் யார் வீம்பு பிடித்தாலும் ஒரே வார்த்தைதான். குப்புசாமி எதற்காவது முறுக்கிக்கொண்டால் கவிதா, "அப்பா, வண்டியத் திருப்பட்டுங்களா?" என்பாள். மனிதர் இறங்கி வந்துவிடுவார். அவரும் விசேஷத்துக்கு விசேஷம் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லுவார். "எஞ்சம்பந்தி வீம்புக்காரங்க. வந்தாங்க, ஆனா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத்தான் வந்தாங்க!" என்பார். போன மாதம் பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்தியபோதும் சொன்னார். நூறு பேர் முன்னால் ஒரு தப்பான தகவல் ஓடுகிறது, நான் திருத்தாமல் உட்கார்ந்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் நம்ப முடியாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் காதுகுத்து முடிந்து கிளம்பும்போது குப்புசாமி என் காரின் அருகே வந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, குனிந்து டேங்க்கில் 'டொக் டொக்' என்று தட்டினார்.

"இருக்குதுங்க. தைரியமாப் போங்க" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உங்களுக்குத் தெரியுமா?"

"ஜன்னல்கிட்ட வந்தப்பவே மூக்குல ஏறிருச்சுங்களே. பெட்ரோல் வாசம்கூடத் தெரியாதவனா நானு? வாசல்ல கேட்டது ஊருக்காகத்தானுங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே! நேரமும் தப்பியிருந்தது. வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?"

"எப்படிங்க சொல்றது? ஊரே பாக்க 'போவாதீங்க'ன்னு கத்திக்கிட்டு ஓடியாந்துட்டேன். பெட்ரோல் தீந்த வண்டிக்குப் பின்னால ஓடுனவன்னு பேர் எடுக்கறதுக்கு, நீங்க வீம்புக்காரங்களாவே இருந்துட்டுப் போங்கன்னு உட்டுட்டேன்." கார்க் கதவைத் தானே திறந்து பிடித்தார். "ஓடறப்பத்தானுங்க தெரிஞ்சுது, இந்தச் சம்பந்தம் எனக்கும் வேணும்னு."

இதை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. பெரக்கரை நாட்டுப் பக்கம் போகிறவர்கள் யாராவது அவரைப் பார்த்தால், அவர் எங்களைப் பற்றிக் கேட்டால், தயவுசெய்து, படு வீம்புக்காரர்கள் என்றே சொல்லிவிடுங்கள்.